தேளி மீன்: கேள்வி பதில்

குளம் வற்றிச் சேறாகிவிட்டது. தேளி மட்டும் எப்படி உயிரோடு கிடக்கிறது?

செவுள் போதாதென்று அதற்கு இரண்டு காற்றுப் பைகளும் உண்டு. செவுள் அறையில் தொடங்கி, முதுகுத் தசைக்குள் புகுந்து, வால் பக்கம் வரை நீளும் குழல்கள் அவை. தண்ணீரில் ஆக்சிஜன் குறையக் குறைய அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். பாசி பிடித்த குட்டை, சதுப்பு, வயல் வாய்க்கால் எல்லாம் அதற்குத் தோதான இடம். சந்தையில் விரற்கடைத் தண்ணீர் இருக்கும் சட்டியில் மணிக்கணக்காக நெளிவதும் இந்தப் பைகளின் தயவில்தான்.

மீன் கழுவும்போது குத்திவிட்டது, கடுக்கிறது. என்ன செய்ய?

கையைச் சூடான தண்ணீரில் வையுங்கள். விஷம் புரதம் என்பதால் சூட்டில் வீரியம் குறையும். 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். வலிக்கிற கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் மற்றக் கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். அப்புறம் மருத்துவரிடம் போய்விடுங்கள்: முள் ஒடிந்து உள்ளே தங்கியிருக்கலாம், டிடி ஊசியும் தேவைப்படலாம். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். விஷ முள் இருப்பது மார்புத் துடுப்பில், பக்கத்துக்கு ஒன்று. பலர் மீசையைக் கண்டு பயப்படுகிறார்கள், மீசை ஒன்றும் செய்யாது.

ஆப்பிரிக்கக் கெளுத்தியைத் தேளி என்று விற்கிறார்களே, எப்படிக் கண்டுபிடிப்பது?

மீசையை எண்ணிப் பயனில்லை, இரண்டுக்கும் நான்கு ஜோடி. முதுகைப் பாருங்கள். தேளிக்கு முன்பக்கம் ஒரு சின்னத் துடுப்பு மட்டும்தான். ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தலைக்குப் பின்னாலிருந்து வால் அருகே வரை துடுப்பு நீளமாக ஓடும். பெரிதாக வளர்ந்து நம் நாட்டு மீன்களைத் தின்றுவிடும் என்பதால் அதை வளர்க்க இந்தியாவில் 2000-லேயே தடை வந்தது. தயவுசெய்து குளத்தில் விடாதீர்கள்.

வீட்டுத் தொட்டியில் குஞ்சு பொரிக்குமா?

கடினம். மழைக்காலத்தில் புது வெள்ளம் பரவும்போதுதான் அது முட்டையிடும். பண்ணைகளில் ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறார்கள்.

கூட எந்த மீன் விடலாம்?

வாய்க்குள் அடங்கும் எதையும் விடாதீர்கள், இரவில் காணாமல் போகும்.