எட்டா, இருபத்து நான்கா, முப்பத்திரண்டா?

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போதுதான் புரோகிராமிங் பழகுகிறேன். என் லேப்டாப்பில் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸைத் திறந்தால் 'பிட் டெப்த் 8' என்று இருக்கிறது. பைத்தானில் டிகின்டர் (ஜன்னல், பொத்தான் வரைய உதவும் நூலகம்) வழியாகக் கேட்டால் 32 என்கிறது. பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் 24 என்கிறது. எது சரி? 8 பிட் என்றால் 256 நிறம்தானே? மட்டமான திரையை வாங்கிவிட்டேனா? 10 பிட் மானிட்டர் வாங்க வேண்டுமா?

செ.

அன்புள்ள செ.,

மூன்றுமே சரி. உங்கள் திரையில் ஒரு குறையும் இல்லை. எத்தனை பிட் என்று பார்த்தீர்கள். எதற்கு அத்தனை பிட் என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

விண்டோஸ் சொல்லும் 8 ஒரு நிறத்துக்கு. சிவப்புக்கு 8, பச்சைக்கு 8, நீலத்துக்கு 8. ஒவ்வொன்றிலும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் கூட்டினால் ஒரு பிக்சலுக்கு, அதாவது திரையின் ஒரு புள்ளிக்கு, 24. பிரவுசர் சொன்னது அதை. 256-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 1,67,77,216 நிறங்கள்.

சரி, 32 எங்கிருந்து வந்தது? நினைவகத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட், அதாவது 32 பிட், ஒதுக்குகிறார்கள். நான்கு நான்காகத் தாவிப் போவது பிராசஸருக்கு எளிது. நான்காவது பைட்டில் ஒளி ஊடுருவும் அளவான ஆல்ஃபா இருக்கும், இல்லையென்றால் காலியாகக் கிடக்கும். அதனால் ஒரு நிறம்கூட அதிகமாகாது. '32 பிட் கலர்' என்ற பெயர்தான் இத்தனை குழப்பத்துக்கும் காரணம் என்பேன்.

ஆனால் புரோகிராம் எழுதும்போது அந்த நான்காவது பைட்டை மறக்காதீர்கள். 1920×1080 திரையின் ஒரு ஃபிரேம் (ஒரு முழுப் படம்) 82,94,400 பைட். பிக்சலுக்கு 3 பைட் என்று நினைத்துப் படித்தால், இரண்டாவது பிக்சலே முதல் பிக்சலின் கடைசி பைட்டிலிருந்து தொடங்கும். நிறமெல்லாம் இடம் மாறிவிடும். பழகிய காலத்தில் இந்தத் தவறைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆயிற்று.

256 நிறம் என்று நீங்கள் நினைத்ததிலும் நியாயம் இருக்கிறது. 1987-இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ. என்ற திரைக்காட்சி முறையில், 320×200 அளவில், ஒரு பிக்சலுக்கே மொத்தம் 8 பிட்தான். அந்த எண் நிறம்கூட இல்லை, ஓர் அட்டவணையின் வரிசை எண். 2,62,144 நிறங்களிலிருந்து 256-ஐத் தேர்ந்தெடுத்து அந்த அட்டவணையில் வைப்பார்கள்.

இப்போது ஒன்று செய்து பாருங்கள். 1920 பிக்சல் அகலத்தில் இடது ஓரம் கறுப்பு, வலது ஓரம் வெள்ளை. நடுவில் படிப்படியாக வெளுக்கட்டும். ஒரு படிக்கு ஏழரை பிக்சல்தான் வரும், கண் அதைப் பிரித்தறிவது கஷ்டம். அப்புறம் ஒவ்வொரு மதிப்பையும் 8 ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, மறுபடி 8 ஆல் பெருக்குங்கள். 60 பிக்சல் அகலத்தில் 32 பட்டைகள் படிக்கட்டு மாதிரி தெரியும். ஆர்டுயினோ என்ற சின்ன எலக்ட்ரானிக்ஸ் பலகையோடு இணைக்கும் சின்னத் திரைகளில் பெரும்பாலும் 16 பிட் நிறம்தான். அங்கே சிவப்புக்கும் நீலத்துக்கும் கிடைப்பது இந்த 32 படிகளே. பச்சைக்கு மட்டும் ஒரு பிட் கூடுதல், நம் கண் பச்சையில்தான் நுணுக்கம் அதிகம் பிடிக்கும் என்பதால்.

10 பிட் மானிட்டர் இப்போதைக்கு வேண்டாம். நிறத்துக்கு 1024 படிகள், மொத்தம் 107 கோடிக்கும் மேல் நிறங்கள். ஆனால் ஹெச்.டி.ஆர். (வெளிச்ச வேறுபாட்டை அதிகமாகக் காட்டும்) வீடியோவிலும் போட்டோ வேலையிலும்தான் அது உதவும். பின்னாளில் வாங்கினால் இணைப்பையும் பாருங்கள். ஹெச்.டி.எம்.ஐ. 2.0 வழியாக 4கே படத்தை நொடிக்கு 60 முறை முழு ஆர்.ஜி.பி.யில் (மூன்று நிறத்தையும் குறைக்காமல்) அனுப்பினால் 8 பிட்டுக்குத்தான் இடம் இருக்கும்; மானிட்டர் 10 பிட்டாக இருந்தாலும் செட்டிங்ஸில் அதே 8 தான் தெரியும்.