ஒரே ரெப்போவில் மூன்று வலைச் செயலிகள்

கேள்வி: வாடிக்கையாளர் தளம், அட்மின் பக்கம், இரண்டுக்கும் தரவு தரும் ஏபிஐ ஆகிய மூன்றையும் ஒரே கிட் ரெப்போவில் (நிரல் களஞ்சியத்தில்) வைத்திருக்கிறோம். அட்மின் பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாலும் மூன்றுமே மறுபடி பில்ட் ஆகி சர்வருக்குப் போகின்றன. ரெப்போவை மூன்றாகப் பிரித்துவிடலாமா?

பதில்: பிரிக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஏபிஐயில் ஒரு தரவுப் புலத்தின் பெயரை மாற்றுவதையும், அதை நம்பியிருக்கும் இரு தளங்களைத் திருத்துவதையும் இப்போது ஒரே புல் ரிக்வெஸ்ட்டில் (மாற்றங்களைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தில்) முடிக்கிறீர்கள்; பிரித்துவிட்டால் அதே வேலைக்கு மூன்று தேவைப்படும், எதை முதலில் சேர்ப்பது என்ற கவலையும் கூடவே வரும். ரெப்போ பெரிதாகிவிடுமே என்று அஞ்சவும் வேண்டாம். கூகுள் பொறியாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையின்படி, அந்நிறுவனத்தின் ஒரே களஞ்சியத்தில் ஏறத்தாழ 200 கோடி வரி நிரல் இருந்தது. அதற்கான கருவிகளை அவர்களே உருவாக்கிக்கொண்டார்கள் என்பதும் உண்மை.

மூன்றும் மறுபடி பில்ட் ஆவதற்குக் காரணம், எது எதைச் சார்ந்திருக்கிறது என்பது மாற்றங்களைத் தானாகவே பில்ட் செய்து சோதிக்கும் உங்கள் சிஐ அமைப்புக்குத் தெரியாததே. பலரும் இதற்குக் கோப்புறையை மட்டும் பார்க்கும் வடிகட்டியை எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். அது ஆபத்தானது. இரு தளங்களும் பகிரும் 'பேக்கேஜஸ்/யூஐ' கோப்புறையில் ஒரு பொத்தானின் நிரல் மாறும்போது, 'ஆப்ஸ்/அட்மின்' கோப்புறையில் ஒரு வரியும் மாறாததால் அட்மினின் சோதனைகள் ஓடாமலே போய்விடும். ஆகவே ஒவ்வொரு செயலியின் 'பேக்கேஜ்.ஜேசன்' கோப்பிலும் அது சார்ந்திருக்கும் உள் தொகுப்புகளைத் தவறாமல் குறிப்பிட்டு, தொகுப்பு மேலாண்மைக் கருவிகளான பிஎன்பிஎம் அல்லது என்பிஎம் தரும் வொர்க்ஸ்பேசஸ் மூலம் இணைத்து, மாறிய தொகுப்பையும் அதைச் சார்ந்தவற்றையும் கண்டறியும் வேலையை என்எக்ஸ் அல்லது டர்போரெப்போ என்ற கருவியிடம் ஒப்படையுங்கள்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் என்ற சிஐ சேவையைப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒன்றில் கவனம் தேவை. வடிகட்டி ஒரு வொர்க்ஃப்ளோவை (தானாக ஓடும் பணிகளின் தொகுதியை) முழுதாகத் தவிர்த்துவிட்டால், கட்டாயம் என்று குறித்த சோதனை நிலுவையிலேயே நின்று மெர்ஜ் செய்யவிடாது. வொர்க்ஃப்ளோ எப்போதும் தொடங்கட்டும். தவிர்ப்பதை உள்ளே, அதன் தனித்தனிப் பணியான ஜாப் அளவில் செய்தால், தவிர்க்கப்பட்ட ஜாப் வெற்றியாகவே கணக்கிடப்படும்.

டிப்ளாய் (சர்வரில் நிறுவுவது) மட்டும் செயலிக்குச் செயலி தனியாக இருக்கட்டும். ரகசியச் சாவிகளும் அப்படியே. ஒரே கமிட்டில் (கிட்டில் ஒன்றாகப் பதிவாகும் மாற்றத்தில்) மாற்றினாலும் மூன்றும் ஒரே நொடியில் சர்வருக்குப் போவதில்லை, பழைய பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் வாடிக்கையாளரும் இருப்பார். எனவே ஏபிஐயில் பழைய புலத்தையும் புதியதையும் சில நாள் சேர்த்தே வைத்திருந்து, பழையதைக் கேட்கும் அழைப்புகள் சர்வர் பதிவேடான லாகில் நின்றுபோன பிறகு நீக்குங்கள்.