49 வாக்கு வித்தியாசமும் தபால் உறைகளும்

கேள்வி: நான் தேர்தல் பணிக்குச் சென்று, தபாலில் வாக்களிக்கும் ஆசிரியை. 2016இல் எங்கள் ராதாபுரம் தொகுதியில் தபால் வாக்குகள் தள்ளுபடி செய்யப்பட்டது ஏன்? அது முடிவை மாற்றியிருக்குமா?
- வாசகி, வள்ளியூர்

பதில்: அத்தேர்தலில் அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590 வாக்குகளும் தி.மு.க.வின் அப்பாவு 69,541 வாக்குகளும் பெற்றனர், வித்தியாசம் 49தான். உரிய அலுவலரின் சான்றொப்பம் இல்லை என்று தள்ளுபடியான 203 தபால் வாக்குகளையும், கடைசி மூன்று சுற்றுகளின் எண்ணிக்கையையும் எதிர்த்து அப்பாவு சென்னை உயர்நீதிமன்றம் சென்றார்.

தபால் வாக்கு எப்படித் தள்ளுபடியாகிறது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். வெளி உறையைப் பிரித்ததும் அலுவலர் முதலில் பார்ப்பது வாக்குச்சீட்டை அல்ல, உடன் வைத்திருக்கும் உறுதிமொழிப் படிவத்தையே. அதில் கையொப்பமோ சான்றொப்பமோ முறையாக இல்லையென்றால், வாக்குச்சீட்டு இருக்கும் உள் உறையைத் திறக்காமலேயே ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே அந்த வாக்கு யாருக்குப் போடப்பட்டது என்று எவருக்கும் தெரியாது. ராதாபுரத்தில் சான்றொப்பமிட்டவர்கள் நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் என்பதே பிரச்சினையானது. அவர்களும் சான்றொப்பமிடத் தகுதியுடைய அலுவலர்களே என்று கூறிய உயர்நீதிமன்றம், தபால் வாக்குகளையும் 19, 20, 21ஆம் சுற்றுகளையும் மீண்டும் எண்ணும்படி 2019 அக்டோபர் 1 அன்று உத்தரவிட்டது. அக்டோபர் 4 அன்று உயர்நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணிக்கை நடந்தது. ஆனால் அதன் முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. ஒதுக்கப்பட்டவை 203, வித்தியாசம் 49 என்பதால் முடிவு மாறியிருக்க இடமுண்டு என்று மட்டுமே சொல்லலாம்.

என்னை உண்மையிலேயே வருத்துவது காலதாமதம்தான். தேர்தல் வழக்கை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்லியிருந்தும், இவ்வழக்கில் உயர்நீதிமன்றத்தின் உத்தரவு வருவதற்கே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகும் இன்பதுரையே பதவிக்காலம் முடியும்வரை உறுப்பினராக இருந்தார். 2021இல் அதே இருவரும் மோதியபோது அப்பாவு வென்று சட்டப்பேரவைத் தலைவரானார். ஆனால் அது வேறொரு தேர்தலின் தீர்ப்பு. 2016இல் வாக்களித்த உங்கள் சக ஆசிரியர்களுக்கு அது பதிலாகாது. அடுத்த முறை உறையை ஒட்டுவதற்கு முன், சான்றொப்பமிட்டவரின் பெயர், பதவி, முத்திரை மூன்றும் தெளிவாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: இருவரும் சமமான வாக்குகள் பெற்றால் மறுதேர்தல் நடக்குமா?
- வாசகர், திசையன்விளை

பதில்: நடக்காது. தேர்தல் நடத்தும் அலுவலர் குலுக்கல் முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவருக்கு ஒரு வாக்கு கூடுதலாகக் கிடைத்ததாகக் கொள்வார். சமநிலைக்கு மிக அருகில் வந்த முடிவுகளும் உண்டு: 2004இல் கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியிலும் 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவிலும் ஒரே ஒரு வாக்கில் சட்டமன்ற உறுப்பினர் தீர்மானிக்கப்பட்டார். இப்படி நெருக்கமாக வரும்போது மறு எண்ணிக்கை கேட்க விரும்பும் வேட்பாளர், முடிவுத்தாளில் அலுவலர் கையொப்பமிடுவதற்கு முன்பே எழுத்துமூலம் விண்ணப்பித்துவிட வேண்டும். அதன் பிறகு உயர்நீதிமன்றம் ஒன்றே வழி, அதற்கும் 45 நாட்களே அவகாசம்.