ஸ்காட்லாந்துக்காரர் அல்லாதவர் கில்ட் அணியலாமா? அணிந்தால் அவமதிப்பாக நினைப்பார்களா?

தாராளமாக அணியலாம். கில்ட் என்பது ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டும், கொசுவம் வைத்த உடை. எடின்பரோவில் நெருங்கிய நண்பரின் திருமணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றபோது எனக்கும் இதே தயக்கம் இருந்தது. கில்ட் துணியில் வரும் டார்ட்டன் என்ற வண்ணக் கட்டங்கள் குலத்துக்குக் குலம் மாறும், அடுத்தவர் குலத்துடையதை உடுத்துவது தவறு என்று நினைத்திருந்தேன். நண்பரின் அப்பாவிடம் கேட்டேன். "எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் நிற்கிறாய். எங்கள் டார்ட்டனைத்தான் உடுத்த வேண்டும்" என்று சொல்லிவிட்டார்.

எந்த டார்ட்டனை யார் உடுத்தலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. அரச குடும்பத்துக்கு உரிய பால்மோரல் டார்ட்டனை மட்டும் மற்றவர்கள் தொடுவதில்லை. குலத் தொடர்பு இல்லாதவர்கள் பிளாக் வாட்ச் போன்ற பொதுவான ஒன்றை எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் அந்தத் துணியின் கதையைத் தெரிந்துகொண்டு உடுத்துங்கள். 1746-ல் கலோடன் போரில், பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மீண்டும் அரியணையேற்ற எழுந்த ஜேக்கபைட் படை பிரிட்டிஷ் அரசின் படையிடம் தோற்றது. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி மக்களான ஹைலாண்டர்கள் பலர் அதில் சேர்ந்து போரிட்டார்கள். அதே ஆண்டு, கில்ட் உள்ளிட்ட ஹைலாண்ட் உடையைத் தடை செய்து சட்டம் வந்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். அரசின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782-ல்தான் தடை நீங்கியது. குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற வழக்கம் பெரிதும் அதற்குப் பிறகு, 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்ததையொட்டி வேரூன்றியது. பிற்காலத்தது என்பதற்காக அதைப் போலி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பிடுங்கப்பட்ட ஒன்றைத் திரும்பப் பெற்றவர்கள் அதை இறுகப் பற்றிக்கொள்வது இயல்புதானே?

உடுத்தும் முறையைத் திருமணத்தன்று காலையில் அந்த அப்பாவே கற்றுக்கொடுத்தார். கொசுவம் பின்பக்கம் வர வேண்டும். இடுப்பெலும்பில் கட்டக் கூடாது, தொப்புள் உயரத்தில் கட்ட வேண்டும்; கீழ்விளிம்பு முழங்கால் நடுவில் நிற்க வேண்டும். முன்பக்கத்து இரண்டு அடுக்கையும் சேர்த்து நான் ஊசி குத்தியிருந்தேன். அதைக் கழற்றி, மேலடுக்கில் மட்டும் குத்திவிட்டார். இரண்டையும் பிணைத்தால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழிந்துவிடுமாம். முன்னால் தொங்கும் ஸ்போரன் என்ற தோல்பையை நடனத்தின்போது இடுப்போரம் நகர்த்திக்கொள்ளலாம். உட்காரும்போது கொசுவத்தைக் கையால் நீவிவிட்டு உட்காருங்கள்.

வேட்டி கட்டிப் பழகியவருக்கு இதெல்லாம் அரை மணி நேரத்தில் கைவந்துவிடும்.

கில்ட் அணிந்தவரிடம் உள்ளே என்ன என்று கேட்காதீர்கள். அதைப் பாவாடை என்றும் சொல்லாதீர்கள். அவர் சிரித்துக்கொண்டு கடந்துபோனாலும் அது புண்படுத்தும்.