கிஸிம்மியில் வீடு வாங்கி நாள் வாடகைக்கு விடலாமா?

தம்பி, உங்கள் ரியல்ட்டர் (வீட்டுத் தரகர்) சொன்ன இரண்டு விஷயமும் பொய் இல்லை. ஆனால் அந்த இரண்டை மட்டும் நம்பி அட்வான்ஸ் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

நீங்கள் கேட்டது இது. எச்-1பி வேலை விசாவில் ஃபுளோரிடாவின் டாம்பாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. டிஸ்னி பக்கம், கிஸிம்மி அருகே, நீச்சல் குளத்தோடு நாலு பெட்ரூம் வீடு ஒன்று பார்த்திருக்கிறீர்கள். வாங்கி, ஏர்பிஎன்பி என்ற வாடகைத் தளத்தில் நாள் கணக்கில் விட ஆசை. "ஃபுளோரிடாவில் மாநிலச் சட்டமே ஷார்ட் டேர்ம் ரென்டலைத் தடை செய்யக் கூடாது என்கிறது, வரியை ஏர்பிஎன்பியே பிடித்துக் கட்டிவிடும்" என்று ரியல்ட்டர் சொல்கிறார். நியூயார்க்கில் இருக்கும் உங்கள் சித்தப்பா மகன் "அது சட்டவிரோதம், பக்கத்திலேயே போகாதே" என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் அவரவர் ஊருக்குச் சரி. நாள் வாடகைக்கு நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் என்று அமெரிக்காவில் எதுவும் கிடையாது. நியூயார்க் நகரத்தில் 2023 செப்டம்பரிலிருந்து நகராட்சியிடம் பதிவு செய்தாக வேண்டும். முப்பது நாளுக்குக் குறைவாக விட்டால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. முழு வீட்டையும் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு ஊரில் உட்கார்ந்திருக்க முடியாது. அரிசோனாவில் நேர் எதிர். 2016-ல் மாநிலம் ஒரு சட்டம் போட்டு, தடை செய்யும் அதிகாரத்தை ஊர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. செடோனா மாதிரி சுற்றுலா ஊர்களில் குடியிருக்கவே வீடு கிடைக்கவில்லை என்று கூச்சல் எழுந்த பிறகு, 2022-ல் லைசென்ஸ் கேட்கவும் அபராதம் போடவும் கொஞ்சம் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது. அதனால் வேறு மாநிலத்து உறவினர் சொல்வதை அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

இப்போது ஃபுளோரிடா. இங்கே மாநிலத்துக்கும் ஊர்களுக்கும் இந்த இழுபறி பதினைந்து வருடமாக நடக்கிறது. 2011-ல் மாநிலச் சட்டமன்றம் ஊர்களின் கையைக் கட்டிப்போட்டது: விடுமுறை வாடகை வீடு என்பதற்காக மட்டும் ஒரு வீட்டைத் தடுக்கவோ தனி விதி போடவோ கூடாது. கடற்கரை ஊர்களில், முக்கியமாக அன்னா மரியா தீவுப் பக்கம், பழைய சின்ன வீடுகளை இடித்துப் பத்துப் பன்னிரண்டு பேர் தங்கும் பெரிய வீடுகள் வந்தன. சத்தம், குப்பை, தெருவை அடைத்து நிற்கும் கார்கள் என்று புகார்கள் குவிந்தன. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இப்போது நடப்பில் இருப்பது அந்தத் திருத்தம்தான். ஊர் நிர்வாகம் பதிவு கேட்கலாம், சோதனைக்கு வரலாம், எத்தனை பேர், எத்தனை கார் என்று வரம்பு வைக்கலாம். ஆனால் முழுதாகத் தடை செய்யக் கூடாது. குறைந்தது எத்தனை நாள் விட வேண்டும், மாதத்துக்கு எத்தனை முறை விடலாம் என்றும் சொல்லக் கூடாது.

2024-ல் அதிகாரத்தை மறுபடி மாநிலத்தின் பக்கம் இழுக்கும் மசோதா ஒன்று இரண்டு அவைகளிலும் நிறைவேறியது. கவர்னர் டிசான்டிஸ் ஜூன் கடைசியில் அதை வீட்டோ செய்துவிட்டார். எல்லா ஊருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. ஆக, 2014-ல் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

இதுவரை கேட்டால் ரியல்ட்டர் சொன்னதுதான் சரி என்று தோன்றும். வாலில்தான் விஷயம் இருக்கிறது. 2011 ஜூன் 1-ஆம் தேதியோ அதற்கு முன்போ ஓர் ஊர் போட்டு வைத்திருந்த விதியை இந்தச் சட்டம் தொடாது. அந்தப் பழைய விதி தடை என்று சொன்னால் இன்றும் தடைதான். மயாமி பீச்சில் பெரும்பாலான குடியிருப்புப் பகுதிகளில் ஆறு மாதத்துக்குக் குறைவாக விட முடியாது. மீறினால் முதல் அபராதமே 20,000 டாலர் என்று வைத்திருந்தார்கள். மாநிலச் சட்டம் அனுமதிக்கும் அபராத வரம்பை அது மீறுகிறது என்று நீதிமன்றம் அந்தத் தொகையை அடித்துவிட்டது. தொகை போனது, தடை போகவில்லை. ஆர்லாண்டோ நகர எல்லைக்குள் 2018-லிருந்து வீட்டின் ஒரு பகுதியை விடலாம், ஆனால் நீங்களும் அங்கேயே குடியிருக்க வேண்டும். டிஸ்னி ஆர்லாண்டோவில் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்கிறோமே, உண்மையில் அது ஆர்லாண்டோ நகர எல்லைக்குள்ளேயே இல்லை. இங்கே ஊர் பெயரை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

நீங்கள் பார்த்திருக்கும் பகுதிக்குப் பெயரே ஃபோர் கார்னர்ஸ். ஆரஞ்சு, ஆசியோலா, லேக், போல்க் என்ற நான்கு கவுன்டிகளும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) முட்டிக்கொள்ளும் இடம். தபால் முகவரியில் டேவன்போர்ட் என்று இருக்கும். டேவன்போர்ட் போல்க் கவுன்டியில் இருக்கும் ஊர், ஆனால் வீடு ஆசியோலாவில் நிற்கும். தபால் முகவரி தபால்காரருக்காக மட்டும். விதியும் வரியும் வீடு நிற்கும் மண்ணைப் பொறுத்தது. எனவே ஜில்லோ வீட்டு விற்பனைத் தளத்தில் பார்த்த முகவரியை விடுங்கள். கவுன்டி ப்ராப்பர்ட்டி அப்ரைசர் (சொத்து மதிப்பீட்டு அதிகாரி) தளத்தில் அந்த வீட்டின் பார்சல் எண்ணை, அதாவது மனை எண்ணை, தேடி எடுங்கள். அதை வைத்துக்கொண்டு, எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கவுன்டி ஸோனிங் ஆபீசுக்கு மின்னஞ்சல் போடுங்கள்: "இந்தப் பார்சலில் முப்பது நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட அனுமதி உண்டா?" என்று ஒரே வரி. பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஃபோனில் கேட்ட பதிலை நாளைக்கு யாரிடமும் காட்ட முடியாது.

கவுன்டியும் சரி என்று சொல்லிவிட்டது என்று வையுங்கள். இன்னும் ஒரு கதவு இருக்கிறது, என் நண்பர் ஒருவர் அதில்தான் மண்டையை இடித்துக்கொண்டார். அவரிடமும் ஒரு ரியல்ட்டர் இதே மாநிலச் சட்டத்தைத்தான் சொல்லியிருந்தார். வீடு வாங்கி, குழந்தைகள் அறையில் சறுக்குமரம் வைத்த பங்க் பெட் எல்லாம் போட்டு, படம் எடுத்து ஏற்றினார். மூன்றாவது வாரம் ஹெச்ஓஏவிடமிருந்து, அதாவது காலனி வீட்டுக்காரர்கள் சங்கத்திடமிருந்து, கடிதம் வந்தது. அந்தக் காலனியில் ஏழு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக் கூடாதாம். க்ளோசிங்குக்கு (வீடு கை மாறும் நாளுக்கு) முன்பே சங்கத்தின் விதி ஆவணத்தை அவருக்கு அனுப்பியிருந்தார்கள். எண்பது பக்கத்துக்கு மேல், மொபைலில் விரலால் தள்ளிக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நானும் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து தேடியபோது 'லீசிங்' என்ற தலைப்பின் கீழ் அந்த வரி ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. பங்க் பெட் வெகுநாள் அவர் கராஜில் கிடந்தது.

மாநிலச் சட்டம் கையைக் கட்டுவது நகராட்சியையும் கவுன்டியையும்தான். ஹெச்ஓஏ அரசாங்கம் இல்லை, அது வீட்டுக்காரர்களுக்குள் இருக்கும் தனியார் ஒப்பந்தம். அதை அந்தச் சட்டம் தொடவே தொடாது. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2021-லிருந்து இருக்கும் சட்டப்படி, ஹெச்ஓஏ புதிதாக வாடகைக் கட்டுப்பாடு கொண்டுவந்தால் பொதுவாக அது பழைய வீட்டுக்காரர்களைக் கட்டாது. ஆனால் ஆறு மாதத்துக்குக் குறைவான வாடகைக்கும், வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல் விடுவதற்கும் விலக்கு வைத்திருக்கிறார்கள். அவற்றைத் தடுத்தால் எல்லோரையும் கட்டும், உங்களையும் சேர்த்து. அதனால் "இப்போது அனுமதி உண்டு" என்பது போதாது. நாள் வாடகைக்கென்றே கட்டப்பட்ட ரிசார்ட் காலனியா, பெரும்பாலான வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடுகிறவர்களா என்று பாருங்கள். குடியிருப்பவர்கள் அதிகமாக இருக்கும் காலனியில் ஓட்டெடுப்பு எப்போது வேண்டுமானாலும் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

சரி, வரிக்கு வருவோம். ஃபுளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது என்று வந்த புதிதில் எல்லோரும் சந்தோஷப்படுவோம். அந்தக் குறையை ஈடுகட்டும் காசில் ஒரு பங்கு சுற்றுலா வருகிறவர்களிடமிருந்து வருகிறது, அதை வசூலித்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளை நீங்கள். ஆறு மாதமோ அதற்குக் குறைவோ விட்டால் மூன்று அடுக்கு வரி. ஆசியோலாவை எடுத்துக்கொள்வோம். மாநில விற்பனை வரி 6 சதவீதம், கவுன்டியின் கூடுதல் விற்பனை வரி 1.5, கவுன்டியின் டூரிஸ்ட் டெவலப்மென்ட் டாக்ஸ் 6, மொத்தம் 13.5. ஒரு குடும்பம் நாலு இரவு தங்குகிறது, இரவுக்கு 200 டாலர், கட்டாயக் க்ளீனிங் கட்டணம் 150. க்ளீனிங்குக்கு வரி இல்லை என்று பல பேர் நினைக்கிறார்கள். கட்டாயம் வாங்குகிற கட்டணம் என்றால் அதற்கும் வரி உண்டு. ஆக 950 டாலருக்கு 128 டாலர் 25 சென்ட். அதில் 71.25 மாநிலத்திடம் கட்ட வேண்டும் (கவுன்டியின் 1.5 சதவீதத்தையும் மாநிலமே வசூலிக்கிறது), 57 கவுன்டியிடம். கோடு தாண்டி ஆரஞ்சு கவுன்டியில் அதே வீடு இருந்தால் மொத்தம் 12.5 சதவீதம்தான்.

ஏர்பிஎன்பி ஃபுளோரிடாவின் மாநில வரியை 2015 டிசம்பரிலிருந்து தானே பிடித்துக் கட்டுகிறது. கவுன்டியின் டூரிஸ்ட் வரி அப்படி இல்லை. சில கவுன்டிகளோடு ஒப்பந்தம் உண்டு, சிலவற்றோடு கிடையாது. ரியல்ட்டர் சொன்ன "எல்லாம் அவர்களே கட்டுவார்கள்" ஓட்டையாவது இங்கேதான். கவுன்டி டாக்ஸ் கலெக்டரிடம் (ஆரஞ்சில் என்றால் கம்ப்ட்ரோலரிடம்) நேராகக் கேட்டு, தனிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள். அதோடு மாநிலத்தின் டிபிபிஆர் என்ற லைசென்ஸ் துறையிடம் விடுமுறை வாடகை லைசென்ஸும் வாங்க வேண்டும்.

நம் ஆட்களுக்கென்று ஒரு வலை தனியாக இருக்கிறது. தமிழ்ச் சங்கத்தில் நாலு பேருக்கு விஷயம் தெரிந்ததும் "ஏர்பிஎன்பிக்கு எதற்குக் கமிஷன், நேரா ஸெல்லில் அனுப்பிடறேன்" என்பார்கள் (ஸெல் என்பது வங்கிக் கணக்குக்கு நேராகப் பணம் அனுப்பும் வழி). அப்படி வந்த பணத்துக்கு மூன்று அடுக்கு வரியும் நீங்கள்தான் கட்ட வேண்டும். மச்சான் குடும்பம் ஓசியில் தங்கினால் வரி இல்லை, மனக்கசப்பு மட்டும்தான்.

மாநில வரிக்கென்று கணக்கு திறந்துவிட்டால், டிஆர்-15 என்ற படிவத்தை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போட வேண்டும். வாடகையே வராத மாதத்திலும் பூஜ்யம் போட்டு அனுப்ப வேண்டும். 2017-ல் ஒரு செப்டம்பர் முழுக்க என் வாடகை வீடு காலி. புயல் வேறு. கட்ட ஒன்றுமில்லையே என்று விட்டுவிட்டேன். ஐம்பது டாலர் அபராதம் வந்தது, பூஜ்யத்துக்கு. தப்பு என்னுடையதுதான், இருந்தாலும் அந்த ஐம்பது இன்னும் உறுத்துகிறது.

இரண்டு சின்ன விஷயம் வேகமாக. விற்பவர் காட்டும் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் பில்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அவர் அங்கேயே குடியிருந்தவர் என்றால் அவருக்கு வருடத்துக்கு 3 சதவீத உச்சவரம்பு இருந்திருக்கும். கை மாறியதும் சந்தை மதிப்புக்கு ஏறிவிடும். வாடகைக்கு விடுவதால் உங்களுக்கு அந்தச் சலுகையும் வராது. அப்புறம், உள்ளே போடும் சோபா, டிவி, பூல் டேபிளுக்கும் தனியாகக் கவுன்டியில் ரிட்டர்ன் உண்டு, ஏப்ரல் 1-க்குள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத கேள்வி. எச்-1பியில் வீடு வாங்கலாம், வாடகை வருமானமும் வரலாம். ஆனால் தினமும் விருந்தினரோடு பேசி, சாவி கொடுத்து, பெட்ஷீட் மாற்றி, விலையை ஏற்றி இறக்கினால் அது முதலீடா, வேலையா? கம்பெனி ஸ்பான்சர் செய்த வேலையைத் தவிர வேறு வேலை செய்ய உங்களுக்கு அனுமதி இல்லை. இதையெல்லாம் ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் விட்டுவிடுவதுதான் பலரும் போகும் வழி. ஆனால் பார்ட்டியில் சிபிஏ (ஆடிட்டர்) நண்பர் ஒருவர் வந்து, "விருந்தினர்கள் சராசரியாக ஏழு நாளோ அதற்குக் குறைவோ தங்கினால் வாடகை வீட்டு நஷ்டத்தை உங்கள் டபிள்யூ-2 கம்பெனிச் சம்பளத்தில் கழித்து வருமான வரியைக் குறைக்கலாம்" என்பார். அவர் சொல்வது இருக்கிறது. ஆனால் அதற்கு நீங்களே கணிசமாக உழைத்ததாக மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸிடம் காட்ட வேண்டும். இமிக்ரேஷனிடம் "நான் ஒன்றும் செய்யவில்லை", ஐஆர்எஸ்ஸிடம் "எல்லாம் நான்தான் செய்தேன்". ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கிரீன் கார்டு வரும்வரை அந்தச் சலுகையை நான் தொட மாட்டேன். நீங்கள் ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். வீட்டு விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

ஒப்பந்தத்தில் இன்ஸ்பெக்ஷன் பீரியட் (வீட்டைச் சோதித்துப் பார்க்கும் அவகாசம்) எத்தனை நாள் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அதற்குள் ஸோனிங் மின்னஞ்சலும் ஹெச்ஓஏ ஆவணமும் கையில் வந்துவிட வேண்டும், பிறகு அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது கஷ்டம். பார்சல் எண்ணை எனக்கும் அனுப்புங்கள், சனிக்கிழமை காலையில் எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.