தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்தவர் பிரிட்டனில் டாக்டராகப் பதிவு செய்வது எப்படி? பிளாப் எழுதலாமா?

வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான பிரிட்டன் தேர்வுதான் பிளாப். நானும் அதை எழுதி வந்தவள்தான். சென்னையில் படித்தேன், இப்போது வட இங்கிலாந்தில் ஒரு அரசு மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் இருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜி.எம்.சி. (பிரிட்டனின் மருத்துவ கவுன்சில்) தரும் பதிவு நம்பர் கிடைப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. நம்பர் உழைத்தால் கிடைத்துவிடும். வேலைதான் இப்போது பெரும்பாடு.

முதலில் ஆங்கிலத் தேர்வு. ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்றால் ஒரே தேர்வில் மொத்தம் 7.5, எந்தப் பகுதியிலும் 7க்குக் குறையக் கூடாது. ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) என்றால் நான்கு பகுதியிலும் பி கிரேடு. ஐ.இ.எல்.டி.எஸ். கட்டுரையில் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. ஓ.இ.டி.யில் எழுதச் சொல்வது பெரும்பாலும் ரெஃபரல் லெட்டர்தான், வார்டில் எழுதிப் பழகிய கைக்கு அது தோது.

பிளாப் முதல் பகுதியைச் சென்னையிலேயே எழுதலாம். 3 மணி நேரம், 180 கேள்விகள், நெகட்டிவ் மார்க் கிடையாது. நீட் பி.ஜி.க்குப் படித்தவருக்குப் பாடம் புதிதில்லை, ஆனால் பதில் அந்த நாட்டு முறைப்படி இருக்க வேண்டும். சர்க்கரை இல்லாத 60 வயதுக்காரருக்குப் பிரஷர் என்றால் முதல் மாத்திரை அம்லோடிபின் வகை என்பது இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு தரும் சிகிச்சை வழிகாட்டுதல். அதைப் படிக்காமல் போகாதீர்கள்.

இரண்டாம் பகுதி மான்செஸ்டரில் மட்டும். 16 அறைகள், அறைக்கு 8 நிமிடம், உள்ளே நோயாளியாக ஒரு நடிகர். நல்ல மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். பயிற்சியின்போது ஒரு தோழி தலைவலிக்காரியாக நடித்தாள். எந்தப் பக்கம், எத்தனை நாள், வாந்தி உண்டா, பார்வை மங்குகிறதா என்று வரிசையாகக் கேட்டுத் தீர்த்தோம். "இது என்னவாக இருக்குமோ என்று பயப்படுகிறீர்களா?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான், மூளைக் கட்டியில் தன் அம்மா இறந்ததைச் சொன்னாள். அவள் கையிலிருந்த தாளில் அப்படித்தான் எழுதியிருந்தது: கேட்டால் மட்டும் சொல். நூறு பேர் காத்திருக்கும் ஓ.பி.யில் அந்தக் கேள்விக்கு நமக்கு நேரம் இருந்ததில்லை. இந்தத் தேர்வு அதற்குத்தான் மார்க் போடுகிறது. தனியாகப் படித்துப் பயனில்லை, இரண்டு பேர் சேர்ந்து தினமும் பேசிப் பழகுங்கள்.

அப்புறம் காகிதங்கள். எபிக் என்ற சான்றிதழ் சரிபார்ப்புச் சேவை மூலம் உங்கள் பட்டத்தைச் சரிபார்க்க வேண்டும், அதற்குக் கல்லூரி பதில் போட வேண்டும். அங்கே மாதக்கணக்கில் தூங்கும், நேரில் போய்ப் பின்தொடருங்கள். 12 மாத ஹவுஸ் சர்ஜன் சான்றிதழும் வேண்டும். மருத்துவ கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றிதழைக் கடைசியில் வாங்குங்கள், அது 3 மாதம்தான் செல்லும். ஆங்கில மதிப்பெண்ணுக்கு 2 ஆண்டு. இரண்டாம் பகுதி தேறியபின் பதிவு செய்யவும் 2 ஆண்டு. இந்தத் தேதிகளை எல்லாம் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து திட்டமிடுங்கள்.

சரி, எழுதலாமா? இங்கே சிறப்பு மருத்துவப் பயிற்சி இடங்களில் பிரிட்டன் பட்டதாரிகளுக்கும், இங்குள்ள அரசு மருத்துவ சேவையில் கணிசமான காலம் வேலை பார்த்த மற்ற டாக்டர்களுக்கும் முன்னுரிமை தருவோம் என்று இங்கிலாந்து அரசின் 2025 ஜூலை சுகாதாரத் திட்டம் சொல்லிவிட்டது. பயிற்சி அல்லாத பணியிடங்களுக்கும் விண்ணப்பங்கள் குவிகின்றன. சில விளம்பரங்களை அன்றைக்கே மூடிவிடுகிறார்கள். பிளாப் தேறி, நம்பரும் வாங்கி, கடனோடு வேலைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. அதனால் கடன் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். எம்.டி. பொது மருத்துவ சீட் கையில் இருந்தால் அதை விடவே விடாதீர்கள். அதைப் படித்துக்கொண்டே எம்.ஆர்.சி.பி. (பொது மருத்துவத்துக்கான பிரிட்டன் மேற்படிப்புத் தேர்வு) முடித்தால் பிளாப் இல்லாமலே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம், ஆங்கிலத் தேர்வு மட்டும் அப்போதும் உண்டு. அனுபவத்தோடு வருபவரை மருத்துவமனைகளும் வேறு மாதிரி பார்க்கின்றன.

ஏஜென்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய வேலை இதில் ஒன்றுகூட இல்லை. ஜி.எம்.சி. இணையதளத்தில் கணக்குத் தொடங்கி எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம். கட்டணம் அடிக்கடி மாறும், அன்றைய தொகையை அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.