சியா தண்ணி குடிச்சா ஓடுறதுக்கு தெம்பு வருமா?

கேள்வி: அக்கா, எங்க பையன் போலீஸ் வேலைக்கு ரெடியாகிட்டு இருக்கான், தினமும் காலைல 5 மணிக்கு கிரவுண்டுக்கு போய் 1500 மீட்டர் ஓடுறான். கூட ஓடுற பசங்கள பாத்து இவனும் டின்ல வர்ற எனர்ஜி டிரிங்க் குடிக்க ஆரம்பிச்சான், நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்கறான். அதான் சியா விதைய கலக்கி குடுத்தேன், வயிறு கடமுடன்னு ஆகி பாதி ஓட்டத்துல நின்னுட்டான். எப்படித்தாங்க செய்யறது? - ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: முதல்ல அந்த டின்ன நிறுத்த சொல்லுங்கம்மா. 250 மில்லி டின்னுல சுமாரா 75, 80 மில்லிகிராம் கஃபீன் இருக்கும், படபடப்புக்கு அதுவே காரணமா இருக்கலாம், நிறுத்தின பிறகும் அடிச்சுக்கிட்டா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

நீங்க வாங்கினது சியாதானான்னு ஒரு தடவை கையில கொட்டி பாருங்க. சியா காடை முட்டை மாதிரி சாம்பலும் வெள்ளையும் கருப்புமா புள்ளி புள்ளியா இருக்கும், ஒரே கருப்பா இருந்தா அது சப்ஜா. சப்ஜா அஞ்சு பத்து நிமிஷத்துல ஊறிடும், சியாவுக்கு அரை மணி நேரமாவது வேணும், ராத்திரியே ஊறப்போட்டா ரொம்ப நல்லது. தன் எடையில பத்து மடங்கு தண்ணிய குடிக்கிற விதை அது, சரியா ஊறாம உள்ள போனா வயித்துக்குள்ள போய்தான் ஊறும், பையனுக்கு அதான் ஆகியிருக்கும்னு தோணுது. வெறும் விதைய வாயில போட்டு தண்ணி குடிக்கவே கூடாது, தொண்டைக்கு கீழ உப்பி அடைச்சிக்கலாம்.

ஒரு டேபிள் ஸ்பூன் சியா, ஒன்றரை டம்ளர் தண்ணி. போட்டதும் ஒரு கலக்கு, அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி ஒரு கலக்கு, இந்த ரெண்டாவது கலக்க விட்டீங்கன்னா அடியில கட்டியா உருண்டுக்கும். ஒவ்வொரு விதைய சுத்தியும் கண்ணாடி மாதிரி கொழகொழன்னு வந்தா ஊறிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் அரை மூடி எலுமிச்சம்பழம், தட்டின வெல்லம் ரெண்டு ஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. மெக்சிகோ மலையில ரராமுரின்னு ஒரு ஜனங்க, மைல் கணக்கா ஓடுறவங்க, அவங்களும் சியாவும் எலுமிச்சையும்தான் கலக்கி குடிக்கிறாங்க.

தண்ணி ஒகேனக்கல் குழாய் தண்ணியா இருக்கட்டும், நம்ம தருமபுரி பக்கம் நிறைய போர் தண்ணில ஃப்ளோரைடு ஜாஸ்தி, கொதிக்க வெச்சாலும் அது போகாது.

ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கோங்க, உடனே தெம்பு தர்றது சியா இல்ல, அந்த வெல்லம். சியாவுல ஒரு டேபிள் ஸ்பூனுக்கே சுமாரா 4 கிராம் நார்ச்சத்து இருக்கு, மெதுவாத்தான் செரிக்கும். அதனால ஓடிட்டு வந்த பிறகு குடுங்க, ஓடறதுக்கு முன்னாடி ஒரு வாழைப்பழம் போதும். சியா விலை கட்டலன்னா விட்டுடுங்க, மோர் ஊத்தின ராகி கூழும் நல்லதுதான். வீட்ல சுகர், பிபி, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க இருந்தா டாக்டர கேக்காம சியா குடுக்காதீங்க.

செலக்‌ஷன் அன்னைக்கு புதுசா எதையும் குடுத்துடாதீங்கம்மா, பிராக்டிஸ்ல வயித்துக்கு ஒத்துக்கிட்டது எதுவோ அதையே குடுத்து அனுப்புங்க.